மண் ஈரப் பற்றாக்குறையை மில்லிமீட்டரில் கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர் கட்டி எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்து மறு தண்ணீர் கட்டுவதுதான் பெரும்பாலான கிணற்றுப் பாசன வயல்களில் வழக்கம். நாள் கணக்கை மில்லிமீட்டர் கணக்காக மாற்றினால் எப்போது கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்ற இரண்டுக்குமே விடை கிடைத்துவிடும். கீழே உள்ள எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை செவல் மண்ணில் இறவை நிலக்கடலை. பயிர்க் கெழு (வானிலையின் ஆவியாக்கும் திறனைப் போல எத்தனை மடங்கு நீரைப் பயிர் எடுக்கும் என்ற எண்), வேர் ஆழம், தாங்கும் வரம்பு போன்ற எண்கள் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட பாசன வழிகாட்டிகளில் உள்ளவை.

மண் ஈரப் பற்றாக்குறை என்றால் என்ன?

நன்றாகத் தண்ணீர் கட்டி, வடிய வேண்டியது வடிந்த பிறகு மண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்துக்கு வயல் கொள்திறன் என்று பெயர். இன்றைக்கு வேர் மண்டலத்தில் இருக்கும் ஈரம் அந்த அளவைவிட எத்தனை மி.மீ. குறைவு என்பதே பற்றாக்குறை. மழையை அளக்கும் அதே அலகில் அளப்பதால், 20 மி.மீ. பற்றாக்குறை இருக்கும் வயலில் 20 மி.மீ. மழை மண்ணுக்குள் இறங்கினால் கணக்கு நேராகிவிடும்.

1 மி.மீ. என்பது ஒரு ஏக்கருக்கு 4,047 லிட்டர், ஒரு சென்ட்டுக்கு ஏறக்குறைய 40 லிட்டர்.

மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடுகிறதே?

மண்ணில் இருக்கும் எல்லாத் தண்ணீரும் வேருக்குக் கிடைக்காது. மண் காயக் காய மிச்சமுள்ள நீரை மண்துகள்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடிப்பு சுமார் 15 பார் அழுத்தத்துக்குப் போனதும் பெரும்பாலான பயிர்கள் இரவு முழுக்க விட்டாலும் நிமிராது. இதுதான் நிரந்தர வாடல் நிலை. வயல் கொள்திறனுக்கும் வாடல் நிலைக்கும் இடையில் உள்ளது மட்டுமே பயிருக்குக் கிடைக்கும் ஈரம்.

ஒரு மீட்டர் ஆழ மண்ணில் இது மணலில் 50 முதல் 110 மி.மீ., மணல் கலந்த செம்மண்ணில் 110 முதல் 150, களிமண்ணில் 120 முதல் 200 மி.மீ. வரை இருக்கும். கரிசலில் வாடல் நிலையிலேயே 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடும். கையில் எடுத்தால் சில்லென்றுதான் இருக்கும், செடிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

சரளை நிலமாக இருந்தால் இன்னொரு கழிவும் உண்டு. மண்ணின் கன அளவில் 30% கல் என்றால், கிடைக்கும் ஈரத்திலும் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சரளைச் செவலில் இதை மறந்தால் மொத்தக் கணக்கும் தப்பிப்போகும்.

என் வயலின் கொள்திறனை நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பயிர் இல்லாத இடத்தில் ஒரு மீட்டர் நீள அகலத்தில் வரப்புப் போட்டு, வேர் ஆழம் வரை நனையும்படி தண்ணீர் நிறுத்துங்கள். நீர் உறிஞ்சியதும் பாலித்தீன் தாள் விரித்து, அதன்மேல் வைக்கோல் போட்டு மூடிவிடுங்கள். ஆவியாகாமல் கீழ்நோக்கி மட்டும் வடிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மூடாக்கு. செவலில் 2 நாள், கரிசலில் 3 அல்லது 4 நாள் கழித்து நடுவிலிருந்து 15 செ.மீ. அடுக்கு அடுக்காக மண் எடுத்து ஈரம் பாருங்கள். அதுவே கொள்திறன். ஒருமுறை செய்தால் போதும், அந்த வயலுக்கு எண் மாறாது.

வாடல் நிலையைத் துல்லியமாக அறிய ஆய்வகத்தின் அழுத்தத் தட்டுக் கருவி வேண்டும். வீட்டில் செய்யும் வழி ஒன்று உண்டு. அதே மண்ணைச் சிறு தொட்டியில் போட்டு ஒரு சூரியகாந்திச் செடி வளர்த்து, மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். வாடிய செடியை இரவில் ஈரக்காற்றுள்ள இருட்டான இடத்தில் வைத்து, காலையிலும் இலை நிமிரவில்லை என்றால் அந்த மண்ணின் ஈரமே வாடல் நிலை.

மண் எடுத்து எடை பார்த்துப் பற்றாக்குறையைக் கணக்கிடுவது எப்படி?

மண் துளைப்பான் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மண்வெட்டியால் குழி எடுத்துப் பக்கச் சுவரிலிருந்து சுரண்டலாம். மேல்மண் கீழடுக்கில் உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு நான்கைந்து இடமாவது வேண்டும். வரப்போரம், மடைவாய், மர நிழல் மூன்றையும் தவிருங்கள். எடுத்த உடனே பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டிவிட வேண்டும். வெயிலில் பத்து நிமிடம் திறந்து கிடந்தாலே ஈரம் குறைந்துவிடும்.

ஈர எடை எடுத்தபின் 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: இழந்த எடையை உலர்ந்த மண்ணின் எடையால் வகுக்க வேண்டும், ஈர மண்ணின் எடையால் அல்ல. 112 கிராம் ஈர மண் காய்ந்து 100 கிராம் ஆனால் ஈரம் 12%. 112ஆல் வகுத்தால் 10.7% என்று வரும், கணக்கு அங்கேயே கோணிவிடும். வெயிலில் காயவைப்பதும் போதாது, களிமண்ணில் அதற்குப் பிறகும் சில சதவீத ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து மண்ணின் பரும அடர்த்தி. உள் அளவு தெரிந்த இரும்புக் குழாயை மண்ணுக்குள் கலையாமல் இறக்கி, எடுத்த மண்ணை உலர்த்தி, கிராம் எடையைக் குழாயின் கன செ.மீ. அளவால் வகுத்தால் கிடைக்கும். மணற்பாங்கான செவலில் 1.5 அளவிலும் கரிசலில் 1.2, 1.3 அளவிலும் இருப்பது வழக்கம்.

இப்போது கணக்கு. நிலக்கடலை, வேர் ஆழம் 45 செ.மீ., கொள்திறன் 14%, வாடல் நிலை 6%, அடர்த்தி 1.5 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடுக்குக்கும், கொள்திறனிலிருந்து இன்றைய ஈரத்தைக் கழித்து 100ஆல் வகுத்து, அடர்த்தியாலும் அடுக்கின் மி.மீ. கனத்தாலும் பெருக்க வேண்டும்.

மேல் 15 செ.மீ.யில் ஈரம் 7% என்றால் குறைவு 7%, பற்றாக்குறை 15.8 மி.மீ.
நடு அடுக்கில் 9.5% என்றால் 10.1 மி.மீ.
அடி அடுக்கில் 12% என்றால் 4.5 மி.மீ.

மொத்தம் ஏறக்குறைய 30 மி.மீ. இந்த 45 செ.மீ. ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய மொத்த ஈரமே 54 மி.மீ.தான். பாதிக்கு மேல் செலவாகிவிட்டது.

பற்றாக்குறை எவ்வளவு வரை போகலாம்?

பயிரைப் பொறுத்தது. கிடைக்கும் ஈரத்தில் எந்தப் பங்கு வரை தடையில்லாமல் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு வழிகாட்டி எண்கள் உள்ளன: வெங்காயம், குடமிளகாய் 30%, வாழை 35%, தக்காளி 40%, நிலக்கடலை 50%, மக்காச்சோளம், சோளம் 55%, பருத்தி, கரும்பு 65%. மேலே பார்த்த வயலில் 54 மி.மீ.யில் பாதி 27 மி.மீ. பற்றாக்குறை 30 ஆகிவிட்டதால் தண்ணீர் நேற்றே போயிருக்க வேண்டும்.

இந்த எண்கள் பயிர் நாளுக்கு 5 மி.மீ. நீர் எடுக்கும் நிலைக்கானவை. அனல் காற்று வீசி 7 மி.மீ. எடுத்தால் வரம்பு 8% புள்ளி இறங்கி, நிலக்கடலைக்கு 42% ஆகிவிடும். தினமும் 3 மி.மீ. எடுக்கும் மார்கழி மூட்டத்தில் 58% வரை தாங்கும். வேர் அதே வேர்தான், தண்ணீரை இழுக்க வேண்டிய வேகம்தான் வேறு.

தினமும் மண் எடுத்து உலர்த்த முடியாதே. வேறு வழி?

நோட்டுப் புத்தகம். வீட்டு வரவு செலவு எழுதுவது போலத்தான்: நேற்றைய பற்றாக்குறையோடு இன்று பயிர் எடுத்த நீரைக் கூட்டி, மழையையும் பாசனத்தையும் கழித்தால் இன்றைய பற்றாக்குறை. விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியம் என்றே எழுதுங்கள். மிகுந்த நீர் வேருக்குக் கீழே போய்விட்டது, அதைச் சேமிப்பாக வைத்துக்கொள்ள முடியாது.

தண்ணீர் கட்டி வடிந்த நாளில் பற்றாக்குறை பூச்சியம். பயிர் தினம் 5.5 மி.மீ. எடுத்தால் மூன்றாம் நாள் மாலை 16.5. நான்காம் நாள் 12 மி.மீ. மழை பெய்தால் 16.5 கூட்டல் 5.5 கழித்தல் 12, அதாவது 10. அன்று 12க்குப் பதில் 40 மி.மீ. கொட்டியிருந்தாலும் வயலுக்கு வரவு 22 மட்டுமே, மீதி 18 வடிந்துவிடும் அல்லது ஓடிவிடும். ஒரு மி.மீ. தூறலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், இலையிலும் மேல்மண்ணிலுமே அது காய்ந்துவிடும்.

பயிர் ஒரு நாளில் எடுக்கும் நீரை எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு எண்களின் பெருக்கல்: அன்றைய வானிலையின் ஆவியாக்கும் திறன், பயிரின் வயதுக்குரிய கெழு.

அருகில் வானிலை நிலையம் இருந்தால் திறந்த தொட்டி ஆவிமானி அளவைக் கேட்டு வாங்கி 0.7ஆல் பெருக்குங்கள். தொட்டியில் 8 மி.மீ. குறைந்தால் ஆவியாக்கும் திறன் 5.6. அதுவும் இல்லாவிட்டால் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையை வைத்தே ஹார்கிரீவ்ஸ் சூத்திரத்தில் கணக்கிடலாம்: சராசரி வெப்பநிலையோடு 17.8 கூட்டி, இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசத்தின் வர்க்கமூலத்தாலும், அந்த மாதத்தின் வான்வெளிக் கதிர்வீச்சாலும் (வளிமண்டலத்துக்கு மேலே வந்து விழும் சூரியக் கதிரின் அளவு), 0.0023ஆலும் பெருக்க வேண்டும். கதிர்வீச்சை, அது எத்தனை மி.மீ. நீரை ஆவியாக்கும் என்ற அளவில் எடுக்க வேண்டும். மதுரை, திருச்சி அட்சரேகையில் ஏப்ரலில் அது சுமார் 15.5, ஜனவரியில் 13 அளவு. ஏப்ரலில் பகல் 37, இரவு 26 டிகிரி என்றால் விடை சுமார் 5.8 மி.மீ. காற்று வேகத்தை இந்தச் சூத்திரம் பார்ப்பதில்லை. ஆடிக் காற்று அடிக்கும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் இது குறைத்தே காட்டும்.

நிலக்கடலையின் கெழு முளைத்த புதிதில் 0.4, செடி மூடிப் பூவும் விழுதுமாக (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இருக்கும்போது 1.15, முற்றும்போது 0.6. இடையில் படிப்படியாக ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. 20 நாள் பயிருக்கு வேர் 25 செ.மீ. என்றால் தாங்கும் வரம்பு 15 மி.மீ., தினச் செலவு இரண்டேகால் மி.மீ., ஆக ஆறேழு நாள். 50 நாள் பயிருக்கு வரம்பு 27, தினச் செலவு 5.75, ஆக ஐந்து நாளுக்குக் கொஞ்சம் குறைவு. இடைவெளி பெரிதாக மாறவில்லை, கட்ட வேண்டிய அளவுதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாரம் ஒரு தண்ணீர் என்று ஒரே அளவாகக் கட்டுகிறவர்கள் இளம்பயிரில் வீணாக்கி, விழுது இறங்கும் நேரத்தில் குறைத்துவிடுவது இதனால்தான்.

மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டுவது?

முதலில் மோட்டார் தரும் நீரை அளந்துகொள்ளுங்கள். 200 லிட்டர் டிரம் 40 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் இது குறையும், மறுபடி அளக்க வேண்டும்.

பாத்திப் பாசனத்தில் வாய்க்கால் கசிவும் ஏற்றத்தாழ்வும் போக 65% வேருக்குச் சேர்ந்தால் நல்ல பாசனம். அப்படியானால் 30.4 மி.மீ. பற்றாக்குறைக்கு 46.8 மி.மீ. விட வேண்டும். ஏக்கருக்கு 1,89,000 லிட்டர், அதாவது பத்தரை மணி நேரம். மும்முனை மின்சாரம் அத்தனை நேரம் தொடர்ந்து வராத ஊரில் வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி வரம்பைத் தொடும் முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

சொட்டுநீரில் நோக்கமே வேறு. பற்றாக்குறையைச் சேரவிடாமல் தினச் செலவைத் தினமும் ஈடுகட்டுவது. 1.8 மீட்டர் இடைவெளி வாழையில் ஒரு மரத்துக்கு 3.24 சதுர மீட்டர். நாளுக்கு 5 மி.மீ. என்றால் 16 லிட்டர், 90% திறனுக்கு 18 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் இரண்டு இருந்தால் இரண்டேகால் மணி நேரம்.

கையில் பிடித்துப் பார்த்தே சொல்ல முடியாதா?

பழகிய கைக்கு முடியும், ஆனால் மேல்மண்ணைப் பார்த்து அல்ல. வேர் ஆழத்தின் பாதியிலிருந்து ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். மணற்செவலில், உருண்டை பிடித்து உள்ளங்கையில் ஈரத்தடம் விழுந்தால் கொள்திறனுக்கு அருகில். உருண்டை பிடித்தும் தட்டினால் உதிர்ந்தால் பாதி வாக்கில் செலவு. பிடிக்கவே மறுத்தால் வரம்பு தாண்டிவிட்டது. கரிசலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவாக இழுத்துப் பாருங்கள். நீளமாக வந்தால் ஈரம் தாராளம், இரண்டு மூன்று செ.மீ.யில் ஒடிந்தால் தண்ணீருக்கு நேரம். நோட்டுக் கணக்கு வழி தவறாமல் இருக்க வாரம் ஒருமுறை இந்தச் சோதனை அவசியம்.

கருவி வாங்கலாமா?

கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி எளிமையானது. கம்பிகளை மண்ணில் செருகினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளில் ஒன்று எரியும். நீலம் என்றால் ஈரம் மிகுதி, பச்சை போதுமானது, ஆரஞ்சு தண்ணீர் கட்டலாம், சிவப்பு உடனே கட்ட வேண்டும். மி.மீ. சொல்லாது, ஆனால் முடிவெடுக்க உதவும்.

டென்சியோமீட்டர் (மண் நீரை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தத்தை அளக்கும், பீங்கான் முனையுள்ள நீர்க்குழாய்) மணற்பாங்கான நிலத்துக்கும் காய்கறிக்கும் நல்லது. கொதித்து ஆறிய நீரை நிரப்புங்கள், கரைந்த காற்று இருந்தால் குமிழி கட்டி அளவு பொய்யாகும். பீங்கான் முனை மண்ணோடு ஒட்டியிருக்க, துளையில் குழைத்த மண்ணை ஊற்றி இறக்க வேண்டும். சுமார் 80 சென்டிபாருக்கு (0.8 பார்) மேல் நீர்த்தம்பம் அறுந்து முள் கீழே வந்துவிடும். காய்ந்த மண்ணில் முள் பூச்சியத்தைக் காட்டினால் ஈரம் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கரிசலில் பயிருக்குக் கிடைக்கும் ஈரத்தின் பெரும்பகுதி அந்த 80க்கு அப்பால் இருப்பதால் அங்கே ஜிப்சக் கட்டைதான் (மண்ணில் புதைத்து மின்தடையை வைத்து ஈரத்தை அறியும் கருவி) பொருந்தும். உவர் நீர் பாயும் வயலில் இன்னொரு சிக்கல்: டென்சியோமீட்டர் உப்பின் இழுப்பை அளக்காது. அது ஈரம் என்று காட்டும்போதே செடி வாடி நிற்கும்.

வரம்பைத் தாண்டினால் பயிருக்குள் என்ன நடக்கிறது?

முதலில் நிற்பது இலை விரிவு. செல்லுக்குள் நீரழுத்தம் இருந்தால்தான் அது பெருக்கும். ஒளிச்சேர்க்கை குறையும் முன்பே புது இலைகள் சிறுத்துவிடும். வாட்டம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் இழப்பு ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அடுத்து இலைத்துளைகள் மூடும், இலை சூடேறும், மாவுப்பொருள் உற்பத்தி குறையும். மண்ணின் நீர்ப்படலம் மெலிவதால் பொட்டாஷும் மணிச்சத்தும் வேருக்கு நகர்வது தடைப்படும். உரம் போட்டும் பயிர் வெளிறி நிற்பதற்குப் பல இடங்களில் இதுவே காரணம்.

எவ்வளவு குறையும் என்பதற்கும் கணக்கு உண்டு. 54 மி.மீ. கிடைக்கும் மண்ணில் பற்றாக்குறை 40.5 ஆனால் மிச்சம் 13.5. வரம்புக்குக் கீழே உள்ள 27ஆல் வகுத்தால் 0.5. அன்று பயிர் எடுப்பது அதன் தேவையில் பாதி.

மதிய வெயிலில் மட்டும் இலை தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது பற்றாக்குறை ஆகாது. காலை ஏழு மணிக்குப் பாருங்கள். அப்போதும் நிலக்கடலைச் சிற்றிலைகள் மடிந்தும் மக்காச்சோள இலை சுருண்டும் இருந்தால் தண்ணீர் கேட்கிறது என்று பொருள்.

எந்தப் பருவத்தில் அடி அதிகம்?

மக்காச்சோளம்தான் தெளிவான எடுத்துக்காட்டு. 1979இல் டூரன்போஸ், கஸ்ஸாம் இருவரும் உணவு வேளாண்மை அமைப்புக்காகத் தொகுத்த விளைச்சல் கெழுக்களின்படி (நீர் 1% குறைந்தால் விளைச்சல் எத்தனை சதவீதம் குறையும் என்ற எண்) வளர்ச்சிப் பருவத்துக்கு 0.4, பூக்கும் பருவத்துக்கு 1.5, மணி பிடிக்கையில் 0.5, முற்றும்போது 0.2. தேவையில் 30% நீர் குறைந்தால் வளர்ச்சிப் பருவத்தில் இழப்பு 12%, பூக்கும்போது 45%. ஆண்பூ குறித்த நாளில் மகரந்தம் உதிர்த்துவிடும், வறட்சியில் பட்டு இழை பிந்தி வரும், கதிரில் மணி இல்லாத பொக்கு விழும்.

நிலக்கடலையில் விழுது இறங்குவதும் காய் பிடிப்பதும் ஆபத்தான காலம். அடிமண்ணில் ஈரம் இருந்து மேல் 5 செ.மீ. காய்ந்து இறுகினால் விழுது மண்ணைத் துளைக்க முடியாது. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர்வழியாகப் பெறாமல் தன்னைச் சுற்றிய மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறது. அதற்கும் அந்த மேல் ஈரம் வேண்டும். மண் அணைக்கும்போது சுண்ணாம்புச் சத்துக்காகப் போட்ட ஜிப்சம் காய்ந்த மண்ணில் கரையாமல் கிடந்தால் பொக்குக் காய்தான். கடைசி மாதத்தில் வறட்சியும் மண்சூடும் சேர்ந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் பருப்பில் ஏறி அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகும். எடை குறைவதைவிட விலையில் விழும் அடி பெரிது. மாறாக, முளைத்து நிலைத்தபின் பூக்கும் முன் கொஞ்சம் காயவிடுவது கெடுதல் இல்லை, பூ ஒருசேர வர அது உதவும்.

பருத்தியில் சப்பையும் (பூமொட்டு) இளங்காயும் உதிரும். தக்காளியில் காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி வந்தால் காயின் அடி கறுத்து அழுகும்.

நெல்லுக்கும் இதே கணக்கா?

இல்லை. நெல்லில் கொள்திறன் வரை இறங்குவதே குறைவு. 15 செ.மீ. மேலே, 15 செ.மீ. மண்ணுக்குள் இருக்குமாறு, கீழ்ப்பாதியில் துளையிட்ட 30 செ.மீ. பிளாஸ்டிக் குழாயை இறக்கி, உள்ளே உள்ள மண்ணை அகற்றிவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரையிலிருந்து 15 செ.மீ. கீழே போனதும் மறு தண்ணீர் போதும். பூக்கும் வாரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் இந்தச் சிக்கனம் வேண்டாம், 5 செ.மீ. நீர் நிற்கட்டும்.

கரிசல் வெடித்தபின் தண்ணீர் கட்டினால் கணக்கு ஒத்துவருவதில்லையே?

வராது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் வெடிப்பு அடி ஆழம் போனபின் விடும் தண்ணீர் முதலில் வெடிப்பு வழியாகக் கீழே இறங்கி, வேருக்கு எட்டாத இடத்தையும் நனைக்கும். வெடிக்கும்போது பக்க வேர்களும் அறும், வெடிப்புச் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். ஆகவே கரிசலில் வெடிப்பு விரல் நுழையும் அளவு ஆகுமுன் கட்டுவதும், களைக்கொத்தால் மேலே புழுதி கிளப்பி வெடிப்பை மூடுவதும் கணக்கைவிட முக்கியம். மண் சுருங்கி விரிவதால் பரும அடர்த்தியும் மாறும். ஈரமான நிலையில் எடுத்த அடர்த்தியை வறண்ட மண்ணுக்குப் போட்டால் தவறு வரும்.

செயற்கைக்கோள் ஈர வரைபடத்தை நம்பலாமா?

வட்டார நிலவரத்துக்கு நம்பலாம், வயலுக்கு அல்ல. 2015இல் நாசா ஏவிய ஸ்மாப் போன்ற செயற்கைக்கோள்கள் நேரடியாக உணர்வது மேல் 5 செ.மீ. ஈரத்தை மட்டுமே, அதுவும் பல கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு சராசரி.

கிணற்றில் இன்னும் ஒரே ஒரு தண்ணீர்தான் இருக்கிறது. எப்போது கட்டுவது?

நிலக்கடலையானால் காய் பிடிக்கும் பருவத்துக்கு, மக்காச்சோளமானால் பட்டு இழை வரும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு வயலுக்கும் பாதிப் பாதி நனைப்பதைவிடச் சால் விட்டுச் சால் கட்டி வேர் ஆழம் வரை இறக்குவது மேல். 10 மி.மீ. தண்ணீர் மேலே மட்டும் நனைத்தால் அதில் பெரும்பகுதி இரண்டு நாளில் ஆவியாகிவிடும். எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்: ஈர மண் வரை வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த மண்ணைத் தொட்டதும் நிற்கும்.

மழைமானி இல்லை, என்ன செய்வது?

பக்கம் நேராக உள்ள எந்த டப்பாவும் போதும், வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மரமோ சுவரோ மறைக்காத இடத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கட்டி, காலை எட்டரை மணிக்கு உள்ளே ஸ்கேலை இறக்கிப் படியுங்கள். படித்ததும் கொட்டிவிடுங்கள்.